அரசியல்வாதியின் மகன் வரைந்த ஓவியம் பெரும் விலைக்குப் போனால் அது லஞ்சமா?

"நாட்டின் அதிபருடைய மகன் திடீரென்று ஓவியராகிறார். அவர் வரைந்ததை யாரோ பெரும் பணம் கொடுத்து வாங்குகிறார்கள். வாங்கியவர் யார் என்று சொல்ல மறுக்கிறார்கள். இது லஞ்சம் இல்லாமல் வேறென்ன? ஏன் யாரும் நிரூபிப்பதில்லை?" என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் பெயரைச் சொல்லாவிட்டாலும், அமெரிக்காவின் முன்னாள் அதிபர் ஜோ பைடனின் மகன் ஹண்டர் பைடனைத்தான் மனத்தில் வைத்திருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஓவிய விற்பனை என்ற பெயரில் லஞ்சம் கொடுக்க முடியுமா என்பது முதலாவது. முடியும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒரு குறிப்பிட்ட விற்பனை லஞ்சம்தானா என்று வெளியில் இருப்பவர் எப்படிக் கண்டுகொள்வது என்பது இரண்டாவது. உண்மையில் நீங்கள் தெரிந்துகொள்ள விரும்புவது இதுதான். இதற்கு ஒரே வரியில் பதில் சொல்ல முடியாது.

நான் பல ஆண்டுகளாக மோசடி வழக்குகளுக்கான கணக்குத் தணிக்கையில் இருப்பவன். நிறுவனங்களின் செலவுக் கணக்குகளில் ஒளிந்திருக்கும் லஞ்சத்தைத் தேடுவது என் தொழிலின் ஒரு பகுதி. ஓவியங்களின் கலைத்தரத்தை எடைபோடும் தகுதி எனக்கில்லை, வழக்கறிஞனும் அல்லன். எனவே பணம் போகும் பாதையைப் பற்றி நான் சொல்வதை உறுதியாகவும், சட்டத்தைப் பற்றிச் சொல்வதைக் கொஞ்சம் எச்சரிக்கையோடும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நிலத்தை மூன்று மடங்கு விலைக்கு வாங்கினால், பக்கத்து நிலத்தின் பத்திரத்தைக் காட்டிக் கேள்வி கேட்கலாம். பங்குகளுக்குச் சந்தை விலை இருக்கிறது. ஓவியம் அப்படியல்ல. ஒவ்வொன்றும் ஒன்றே ஒன்று. "எனக்குப் பிடித்தது, வாங்கினேன்" என்று ஒருவர் சொன்னால் அதைப் பொய் என்று காட்ட வழியில்லை. காகிதத்தில் எழுதப்படும் மதிப்பு எந்த அளவுக்கு வளையும் என்பதற்கு பிரேசிலில் கவிழ்ந்துபோன பாங்கோ சாண்டோஸ் வங்கியின் வழக்கு நல்ல சான்று. அந்த வங்கியின் உரிமையாளர் சேர்த்து வைத்திருந்த, ஜான் மிஷல் பாஸ்கியா வரைந்த 'ஹன்னிபால்' என்ற ஓவியத்தின் மதிப்பு ஏறத்தாழ 80 லட்சம் டாலர். அது அமெரிக்காவுக்குள் கொண்டுவரப்பட்டபோது தாள்களில் எழுதப்பட்டிருந்த மதிப்பு 100 டாலர். கீழே இழுக்கத் தெரிந்தவர்களுக்கு மேலே ஏற்றவும் தெரியும்.

இதனால்தான் பலரும் விலையிலேயே கண்ணை வைக்கிறார்கள். "முதல் கண்காட்சி வைக்கும் ஒருவருக்கு 5 லட்சம் டாலரா?" என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. 2021-இல் நியூயார்க்கின் சோஹோ பகுதியில் உள்ள ஜார்ஜ் பெர்ஜெஸின் கலைக்கூடம் ஹண்டர் பைடனின் ஓவியங்களுக்கு 75,000 டாலர் முதல் 5 லட்சம் டாலர் வரை விலை சொன்னது. ஓவியப் பள்ளியில் முறையாகப் படிக்காத, ஏல வரலாறு எதுவும் இல்லாத ஒருவருக்கு அது அசாதாரணமான விலைதான். ஆனால் விலையை மட்டும் வைத்து லஞ்சத்தை நிறுவ முடியாது. பெயருக்கு விலை உண்டு. வின்ஸ்டன் சர்ச்சில் மராக்கேஷ் நகரின் மசூதிக் கோபுரத்தை வரைந்த ஓவியத்தை, அதை வைத்திருந்த நடிகை ஏஞ்சலினா ஜோலி விற்றபோது, 2021 மார்ச்சில் லண்டன் ஏலத்தில் 80 லட்சம் பவுண்டுக்கு மேல் போனது. சர்ச்சில் இறந்தது 1965-இல். அவரிடம் காரியம் சாதித்துக்கொள்ள யாராலும் முடியாது. அந்தப் பணம் முழுக்க முழுக்கப் புகழுக்குக் கொடுத்தது. ஆகவே பிரபலமான குடும்பத்தவரின் ஓவியம் அதன் கலைத்தரத்துக்கு மேல் விலை போவது இயல்பு. புகழுக்குக் கொடுத்தது எவ்வளவு, அதிகாரத்துக்குக் கொடுத்தது எவ்வளவு என்று விலைச்சீட்டு பிரித்துக் காட்டாது.

பெயரைத் தள்ளிவைத்துப் பார்த்தாலும், கலைக்கூடம் சொன்ன விலைக்கும் உண்மையில் விற்ற விலைக்கும் பெரிய இடைவெளி இருந்தது. 2025-இல் ஹண்டர் தரப்பே ஒரு நீதிமன்ற மனுவில் கணக்குக் கொடுத்தது: 2023 டிசம்பருக்கு முந்தைய இரண்டு மூன்று ஆண்டுகளில் 27 ஓவியங்கள் விற்றிருக்கின்றன, சராசரியாக ஒன்று சுமார் 54,500 டாலர். அதற்குப் பிறகு விற்றது ஒன்றே ஒன்று, 36,000 டாலருக்கு. தந்தை பதவியில் இருந்தபோது விற்றது, பிறகு விற்கவில்லை என்று இதைப் படிக்கத் தோன்றும். அவசரப்படக் கூடாது. ஜோ பைடன் 2025 ஜனவரி வரை அதிபராக இருந்தார். விற்பனை அதற்கு ஒரு வருடம் முன்பே படுத்துவிட்டது. இடையில் ஹண்டர் மீது வழக்குகள் வந்தன, நாடாளுமன்ற விசாரணை வந்தது. வாங்கினால் தன் பெயரும் விசாரணைக்கு இழுபடும் என்ற பயமே வாங்க நினைத்தவரை விலக்கியிருக்கலாம். இந்த எண்களைக் கொண்டு இரு பக்கத்துக்கும் வாதாடலாம். அதனாலேயே அவை எதையும் தீர்த்துவைக்கவில்லை.

2021-இல் ஓவியக் கண்காட்சி தொடங்கும் முன்பே வெள்ளை மாளிகை ஓர் ஏற்பாட்டை அறிவித்தது. வாங்குபவரின் பெயரைக் கலைக்கூடம் ஹண்டரிடமும் சொல்லாது, அரசிடமும் சொல்லாது. சந்தேகத்துக்குரிய தொகையை யாராவது முன்வைத்தால் மறுத்துவிடும். யார் கொடுத்தார் என்றே தெரியாவிட்டால் அவருக்குச் சலுகை செய்ய முடியாது என்பது இதன் தர்க்கம். கேட்பதற்குச் சரியாகத்தான் தோன்றுகிறது. என் தொழில் அனுபவத்தில் இதைவிடப் பலவீனமான காப்பு வேறு இருக்க முடியாது. லஞ்சம் கொடுப்பவர் தன் பெயரை லஞ்சம் பெறுபவரிடம் சொல்ல ஆயிரம் வழிகள் உண்டு. ஒரு தொலைபேசி அழைப்பு போதும். வீட்டுக்கு வரும் விருந்தினரின் பார்வையில் படும்படி ஓவியத்தைச் சுவரில் மாட்டி வைத்தால் போதும். அந்த ஏற்பாடு உண்மையில் இருட்டில் வைத்தது ஒரே ஒரு தரப்பைத்தான்: பொதுமக்களை. ஒபாமா காலத்தில் அரசின் நன்னெறி அலுவலகத்துக்குத் தலைவராக இருந்த வால்ட்டர் ஷாப், அதே கட்சியின் ஆட்சி என்று பாராமல் இதைக் கடுமையாக எதிர்த்தார். பெயர்களை வெளியிடுங்கள், அரசைக் கண்காணிக்கும் வேலையை ஓர் ஓவிய வணிகரின் கையில் கொடுக்காதீர்கள் என்பது அவருடைய வாதம். நான் அவர் பக்கம்தான்.

நடந்ததும் அப்படியே. 2024 ஜனவரியில் பெர்ஜெஸ் நாடாளுமன்றப் பிரதிநிதிகள் சபைக் குழுக்களிடம் அளித்த வாக்குமூலத்தின்படி, விற்பனைத் தொகை மொத்தம் ஏறக்குறைய 15 லட்சம் டாலர். அதில் சுமார் 70 சதவீதத்தைக் கொடுத்தவர்கள் யார் என்று ஹண்டருக்குத் தெரிந்திருந்தது. அந்த ஏற்பாடு குறித்து வெள்ளை மாளிகையிலிருந்து தன்னிடம் யாரும் பேசவில்லை என்றும் பெர்ஜெஸ் சொன்னார். அறிவிக்கப்பட்ட காப்பு காகிதத்தில்கூட முழுமையாக இருக்கவில்லை என்பது எனக்கு வருத்தமளித்த செய்தி.

வாங்கியவர்கள் யார் என்று பார்ப்போம். என் வேலை தொடங்கும் இடம் இதுதான். தொகையில் பாதிக்கு மேல், 8,75,000 டாலர், கெவின் மோரிஸ் என்ற ஹாலிவுட் வழக்கறிஞருடையது. இவர் ஹண்டரின் நண்பர், அவருக்காக வாதாடியவர், லட்சக்கணக்கான டாலர் கடனும் கொடுத்தவர். பெர்ஜெஸ் சொன்னபடி, மோரிஸ் கலைக்கூடத்துக்குரிய கமிஷனை மட்டும் செலுத்தினார். மீதியை ஹண்டரும் அவரும் தங்களுக்குள் சரிசெய்துகொண்டார்கள். ஒரு தணிக்கையாளனாக எனக்கு இந்த வரிதான் மிக முக்கியமானது. இங்கே 8,75,000 டாலர் முழுவதும் புதிதாகக் கைமாறிய பணமாக இல்லாமல், பெரும்பகுதி ஏற்கெனவே கொடுத்த கடனோடு தொடர்புடைய ஒரு கணக்குச் சரிக்கட்டலாக இருந்திருக்கலாம். அப்படியானால் கேட்க வேண்டிய கேள்வி "ஓவியத்துக்கு ஏன் இவ்வளவு விலை?" என்பதல்ல, "அந்தக் கடன்களை ஏன் கொடுத்தார்?" என்பதுதான். அதற்கு நட்பு என்பது அவருடைய பதில். அரசிடமிருந்து அவர் எதையும் கேட்டதாகவோ பெற்றதாகவோ விசாரணைகளில் எதுவும் வெளிவரவில்லை.

இன்னொருவர் லாஸ் ஏஞ்சலிஸைச் சேர்ந்த ரியல் எஸ்டேட் முதலீட்டாளர், ஜனநாயகக் கட்சிக்கு நன்கொடை கொடுப்பவர். அவர் வாங்கிய இரண்டு ஓவியங்களுக்கும் சேர்த்து 94,000 டாலர். 2021 தொடக்கத்தில் ஒன்று, 2022 டிசம்பரில் ஒன்று. இரண்டுக்கும் நடுவில், 2022 ஜூலையில், வெளிநாடுகளில் உள்ள அமெரிக்கப் பாரம்பரியச் சின்னங்களைப் பாதுகாக்கும் ஆணையத்தின் உறுப்பினராக அதிபர் அவரை நியமித்தார். தேதிகளை இப்படி வரிசையாக அடுக்கினால் நெற்றி சுருங்குவது இயற்கை. ஆனால் அது சம்பளமில்லாத, கௌரவப் பதவி. அத்தகைய பதவிகள் நன்கொடையாளர்களுக்குப் போவது இரு கட்சிகளின் ஆட்சியிலும் நெடுநாள் வழக்கம். ஓவியம் வாங்காமல் இருந்திருந்தாலும் அவருக்கு அது கிடைத்திருக்கலாம். கிடைத்திருக்காது என்றும் யாராலும் நிரூபிக்க முடியவில்லை. ஹண்டர் பைடன் மீது துப்பாக்கி வழக்கும் வரி வழக்கும் நடந்தன. ஓவியங்கள் தொடர்பாக லஞ்ச வழக்கு ஒன்றுகூடப் பதிவாகவில்லை.

ஏன் பதிவாகவில்லை என்ற உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் சட்டத்தில் இருக்கிறது. அமெரிக்க லஞ்சச் சட்டத்தில் பணம் கைமாறியது என்று காட்டினால் மட்டும் போதாது. இன்ன அரசு நடவடிக்கைக்காக இந்தப் பணம் என்ற பேரத்தைக் காட்ட வேண்டும். வர்ஜீனியா மாநில ஆளுநராக இருந்த பாப் மெக்டோனலும் அவர் மனைவியும் ஒரு வணிகரிடமிருந்து 1,75,000 டாலருக்கு மேல் பரிசும் கடனும் பெற்றார்கள். மெக்டோனலின் தண்டனையை 2016-இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக ரத்து செய்தது. ஒருவருக்காகச் சந்திப்பு ஏற்பாடு செய்வதும் அதிகாரியைத் தொலைபேசியில் அழைப்பதும் மட்டுமே சட்டம் குறிப்பிடும் அரசு நடவடிக்கை ஆகாது என்றது நீதிமன்றம். ஆளுநரே பெற்றுக்கொண்ட பணத்துக்கு இந்த நிலை என்றால், வயது வந்த மகன் தன் பெயரில் பெற்ற பணத்தைத் தந்தையோடு இணைப்பது எவ்வளவு கடினம் என்று யோசித்துப் பாருங்கள். 1978-ஆம் ஆண்டின் நன்னெறிச் சட்டப்படி பதவியில் இருப்பவர் தன் சொத்தையும் வருமானத்தையும் அறிவிக்க வேண்டும். துணைவருடையதும், அவரைச் சார்ந்திருக்கும் பிள்ளைகளுடையதும் அதில் அடங்கும். தனியாகச் சம்பாதிக்கும் மகனும் தம்பியும் அதில் இல்லை. இந்த ஓட்டை புதிதல்ல. அதிபர் ஜிம்மி கார்ட்டரின் தம்பி பில்லி கார்ட்டர் லிபியா அரசிடமிருந்து 2,20,000 டாலர் வாங்கியது 1980-இல் செனட் விசாரணை வரை போனது. ஓவியம் அதே ஓட்டையின் வழியாக நுழையும் இன்னொரு பொருள், அவ்வளவுதான்.

மற்ற நாடுகளில் இது வேறு வடிவங்களில் வெளிப்பட்டிருக்கிறது. சீனாவில் ஓவியமும் பழங்கலைப் பொருளும் அதிகாரிகளுக்குக் கொடுக்கும் லஞ்சத்தில் தனி வகையாகவே பேசப்படுகின்றன. சோங்சிங் நகரின் காவல்துறை உயர் அதிகாரி வென் சியாங் 2010-இல் மரண தண்டனை பெற்றவர். அது நிறைவேற்றப்பட்டதும் அதே ஆண்டில். அவருக்கு லஞ்சமாக வந்த பொருள்களில் புகழ்பெற்ற ஓவியர் ஜாங் டாச்சியனுடையது என்று சொல்லப்பட்ட ஓர் ஓவியமும் இருந்தது. வழக்கில் அதற்குப் போட்ட மதிப்பு 36.4 லட்சம் யுவான். பிறகு தேசியக் கலைச்சின்ன அமைப்பின் வல்லுநர்கள் பார்த்துவிட்டு அது சாதாரணப் போலி என்றார்கள். லஞ்சத் தொகை எவ்வளவு என்று இப்போது எப்படிக் கணக்கிடுவது? போலியைக் கொடுப்பதில் கொடுப்பவருக்கு ஒரு வசதியும் உண்டு. பிடிபட்டால் "சும்மா ஒரு படம்" என்று சொல்லிக்கொள்ளலாம். பிடிபடாவிட்டால், அதிகாரியின் உறவினர் அதை ஏலத்துக்கு அனுப்புவார். கொடுத்தவரின் ஆளே உண்மையான ஓவியத்தின் விலையைக் கொடுத்து எடுத்துக்கொள்வார். ரொக்கம் அப்போதுதான் போய்ச் சேர்கிறது, அதுவும் ஏல நிறுவனத்தின் ரசீதோடு.

தென்கொரியாவில் நடந்தது மனைவிமார் வழியாக. தேசிய வரித்துறையின் துணைத் தலைவராக இருந்த ஹான் சாங் ரியுல், 2007-இல் தன் மேலதிகாரிக்கு ஓர் ஓவியம் போய்ச்சேரச் செய்தார் என்று குற்றச்சாட்டு எழுந்தது. அந்த மேலதிகாரியின் மனைவி பிறகு அதை விற்பனைக்கு விட்டதால்தான் விஷயமே வெளியே தெரிந்தது. அதற்குள் வரித்துறைத் தலைவராகியிருந்த ஹான் 2009-இல் பதவி விலகினார். ஆனால் நீதிமன்றம் அவரை விடுவித்தது. ஓவியம் கைமாறியதை எளிதாகக் காட்டிவிடலாம். எதற்காக என்பதைக் காட்டுவதில்தான் இந்த வழக்குகள் திரும்பத் திரும்பத் தடுக்கி விழுகின்றன.

அப்படியானால் என்னைப் போன்றவர்கள் எதைப் பார்ப்போம்? ஒரு கோப்பைச் சொல்கிறேன். அரசு அனுமதிகளை நம்பித் தொழில் செய்யும் ஒரு நிறுவனம், அனுமதி வழங்கும் அதிகாரி ஒருவரின் மனைவியிடமிருந்து ஓவியங்கள் வாங்கியிருந்தது. விலைப்பட்டியலில் "எண்ணெய் ஓவியம் - 3" என்று மட்டும் இருந்தது. தலைப்பில்லை, அளவில்லை, வரைந்த ஆண்டில்லை. ஓவியம் வாங்கும் எவரும் முதலில் கேட்கும் விவரங்கள் இவை. செலவுக்கு ஒப்புதல் கொடுத்தது அலுவலக நிர்வாகப் பிரிவு அல்ல; அரசுத் தொடர்புகளைக் கவனிக்கும் பிரிவு. அலுவலகத்தின் காப்பீட்டுப் பட்டியலில் நகலெடுக்கும் இயந்திரம் வரை எல்லாம் இருந்தன, ஓவியங்கள் இல்லை. கடைசியில் அவை கிடங்கில், உடைந்த நாற்காலிகளுக்குப் பின்னால் கிடைத்தன. பழுப்புத் தாள் உறையின் ஒட்டுநாடாகூடப் பிரிக்கப்படவில்லை. விலை உண்மையில் அப்படியொன்றும் அதிகமில்லை. விலையைப் பார்த்திருந்தால் நாங்கள் அதைக் கடந்து போயிருப்போம். வாங்கியவர் அந்த ஓவியங்களை ஒருமுறைகூடப் பார்க்க விரும்பவில்லை என்பதுதான் எங்களை நிறுத்தியது.

வாங்கியவருக்கு விற்றவரின் குடும்பத்திடம் நிலுவையில் உள்ள காரியம் ஏதாவது இருக்கிறதா என்பதுதான் இப்படிப்பட்ட கோப்புகளில் நாங்கள் முதலில் கேட்பது. அவர் இதற்கு முன் வேறு யாருடைய ஓவியத்தையாவது வாங்கியிருக்கிறாரா? வாங்கியதைச் சுவரில் மாட்டினாரா, காப்பீடு செய்தாரா? பணம் அவருடைய கணக்கிலிருந்தே வந்ததா, அல்லது நேற்று பதிவான ஒரு நிறுவனத்தின் கணக்கிலிருந்தா? காரியம் முடிந்ததும் வாங்குவது நின்றுவிட்டதா? இவற்றில் ஒன்று பொருந்தினால் அது தற்செயலாக இருக்கலாம். மூன்று நான்கு ஒன்றாகப் பொருந்தும்போதுதான் நான் அறிக்கையில் எழுதுவேன். அப்போதும் "லஞ்சம்" என்ற சொல்லை எழுத மாட்டேன். அதைச் சொல்ல வேண்டியது நீதிமன்றம்.

இந்தக் கேள்விகள் எதையும் பெயர் தெரியாமல் கேட்க முடியாது. ஓவியச் சந்தையோ பெயரை மறைப்பதையே மரியாதையாக வைத்திருக்கிறது. 2020-இல் அமெரிக்க செனட்டின் விசாரணைத் துணைக்குழு வெளியிட்ட அறிக்கை, பொருளாதாரத் தடைக்கு உள்ளான ரஷ்யத் தொழிலதிபர்களான ரோட்டன்பெர்க் சகோதரர்களோடு தொடர்புடைய பெயரளவு நிறுவனங்கள் 1.8 கோடி டாலருக்கு மேல் ஓவியங்கள் வாங்கியதாகக் காட்டியது. ஏல நிறுவனங்கள் வாங்க வந்த இடைத்தரகரையே வாடிக்கையாளராக எடுத்துக்கொண்டன. பின்னால் நிற்பவர் யார் என்று தோண்டவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2020 ஜனவரியிலிருந்து 10,000 யூரோவும் அதற்கு மேலும் நடக்கும் ஓவிய வணிகத்தில் வாடிக்கையாளரின் அடையாளத்தைச் சரிபார்க்க வேண்டும் என்று விதித்திருக்கிறது. அமெரிக்கக் கருவூலத் துறை 2022 பிப்ரவரியில் ஆய்வறிக்கை வெளியிட்டது. ஆபத்து இருப்பதை ஒப்புக்கொண்டு, ஆனால் உடனடி விதிமுறை தேவையில்லை, ரியல் எஸ்டேட் போன்ற துறைகளை முதலில் கவனிக்கலாம் என்றது. அந்த முடிவு எனக்கு ஏற்புடையதல்ல.

இதை ஒரு கட்சியின் விவகாரமாகப் பார்க்க வேண்டாம் என்பதற்கு இன்னொன்றும் சொல்கிறேன். 2022 ஜனவரியில் மெலானியா டிரம்ப் தன் தொப்பி, ஒரு நீர்வண்ண ஓவியம் ஆகியவற்றோடு ஒரு டிஜிட்டல் படைப்பையும் சேர்த்து ஏலம் விட்டார். வென்ற ஏலத்தொகை 1,800 சொலானா, அதாவது இணையத்தில் மட்டும் புழங்கும் ஒரு மின்நாணயம். அந்த நாணயப் பரிமாற்றங்கள் பொதுப் பேரேட்டில் எவரும் பார்க்கும்படி பதிவாவதால், ஏலத்தில் வென்ற கணக்குக்குப் பணம் வந்ததே அந்தப் படைப்பை வெளியிட்ட தரப்பின் கணக்கிலிருந்துதான் என்று செய்தியாளர்கள் சில வாரங்களில் கண்டுபிடித்துவிட்டார்கள். மூன்றாம் தரப்பு வாங்குபவர் ஒருவருக்காக அப்படிச் செய்யப்பட்டது என்று அவருடைய அலுவலகம் விளக்கம் சொன்னது. அதில் லஞ்சம் எதுவும் இருந்ததாக நான் சொல்லவில்லை. அவருடைய கணவர் அப்போது பதவியிலும் இல்லை. பேரேடு திறந்திருந்தால் எவ்வளவு விரைவாகச் சரியான கேள்வியைக் கேட்க முடிகிறது என்பதற்காகவே குறிப்பிடுகிறேன்.

ஹண்டர் பைடன் விஷயத்தில் என் கருத்தைக் கேட்டால், வெளிவந்த சான்றுகள் லஞ்சத்தைக் காட்டவில்லை, சந்தேகப்பட்டது நியாயம், அந்தச் சந்தேகத்தைத் தீர்க்க முடியாமல் செய்தது ரகசிய ஏற்பாடு. பதவியில் இருப்பவரின் மனைவி, கணவர், வயது வந்த பிள்ளைகள், உடன்பிறந்தோர் எவராயினும், ஒரு வரம்புக்கு மேல் ஓவியம் விற்றால் வாங்கியவரின் உண்மைப் பெயரும் தொகையும் பணம் வந்த வழியும் ஒரு மாதத்துக்குள் பொதுவில் வெளியாக வேண்டும் என்று சட்டம் இருந்திருந்தால், நீங்களும் நானும் இன்று ஊகித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. இதற்கு எதிராக இரண்டு வாதங்கள் சொல்வார்கள். மகன் செய்த தொழிலுக்குத் தந்தையின் பதவி குறுக்கே நிற்கலாமா என்பது ஒன்று. அதில் நியாயம் இருக்கிறது. அதனால்தான் விற்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை, மறைக்கக் கூடாது என்கிறேன். வாங்குபவரின் அந்தரங்கம் என்னாவது என்பது மற்றொன்று. அந்தரங்கத்தைப் பெரிதாக மதிக்கும் சேகரிப்பாளருக்கு அரசியல் குடும்பத்தைச் சேராத எத்தனையோ ஓவியர்கள் இருக்கிறார்கள். இவருடைய ஓவியம்தான் வேண்டும் என்றால், தந்தையின் பதவிக்காலம் முடியும்வரை அவர் காத்திருக்கலாம்.